எஃப்3ஏ விமானம் கோட்டிலிருந்து விலகினால்: அறிகுறி வாரியாகக் காரணமும் தீர்வும்

பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் சாகசப் பறப்புப் பிரிவான எஃப்3ஏயின் விதிகளின்படி, போட்டியில் இறங்கும் ரேடியோ கட்டுப்பாட்டு விமானத்தின் நீளமும் இறக்கையின் முழு வீச்சும் தலா 2 மீட்டருக்குள் இருக்க வேண்டும். மின்மோட்டாரில் பறப்பதாக இருந்தால் பேட்டரியையும் சேர்த்து எடை 5 கிலோவுக்குள் அடங்க வேண்டும். விமானத்தைத் தானாகச் சமன்செய்யும் ஜைரோவுக்கு இந்தப் பிரிவில் அனுமதி இல்லை. ஒவ்வொரு சாகசத்துக்கும் 10 மதிப்பெண்ணில் தொடங்கும் நடுவர், கோடு ஏறத்தாழ 15 டிகிரி விலகினால் 1 மதிப்பெண்ணைக் கழிக்கிறார். ஆகவே தனக்கென ஒரு சாய்மானம் கொண்ட விமானத்தை விரலால் திருத்தித் திருத்திப் பறப்பவர், எதிரில் யாரும் இல்லாதபோதே பாதி தோற்றுவிடுகிறார்.

டிரான்ஸ்மிட்டரில் மிக்ஸ், அதாவது ஒரு கட்டுப்பாட்டை அசைத்தால் இன்னொன்றும் தானாகச் சிறிது அசையும் அமைப்பு, வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. பெரும்பாலோர் தடுக்கி விழுவதும் இந்த இடத்தில்தான். ஒரு குறை தென்பட்டதும் மெனுவைத் திறந்து இரண்டு சதவீதம், மூன்று சதவீதம் என்று மிக்ஸ் போட்டுவிடுகிறோம். அடியில் இருக்கும் உண்மையான காரணம் அப்படியே கிடந்து, வேறொரு சாகசத்தில் வேறொரு வேடத்தில் வெளிப்படுகிறது. கீழே உள்ள அறிகுறிகளை அவை எழுதப்பட்ட வரிசையிலேயே சோதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எடையும் ஈர்ப்பு மையமும் முதலில், மோட்டாரின் கோணம் அடுத்து, மிக்ஸ் கடைசியில். ஒரு பறப்புக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்து, அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

சோதனைக்குக் காற்றில்லாத விடியற்காலையே ஏற்றது. முழு அளவு விமானங்களின் சாகசப் போட்டியில் செங்குத்துக் கோட்டை விமானத்தின் நிலையைப் பார்த்து மதிப்பிடுவார்கள். எஃப்3ஏயில் விமானம் வானில் வரையும் பாதையே கணக்கு. பக்கக் காற்றில் பாதையைச் செங்குத்தாக வைக்க விமானத்தைச் சற்றே காற்றின் பக்கம் சாய்த்தாக வேண்டும் என்பதால், அத்தகைய நாளில் செய்யும் சோதனையில் காற்றின் குற்றமும் விமானத்தின் குற்றமும் ஒன்றாகக் கலந்துவிடும்.

களத்துக்குப் போகுமுன் மேசைமேல்

இறக்கையின் இரு பக்கமும் ஒரே கோணத்தில் அமர்ந்துள்ளதா, கிடைவாலின் இரு பாதிகளும் ஒரே கோணத்தில் உள்ளனவா என்பதைக் கோணமானியால் அளந்து பார்க்கவும். செங்குத்து வால் நிமிர்ந்து நிற்கிறதா என்பதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டைவிட நம்பகமான கருவியை நான் இதுவரை கண்டதில்லை. அடுத்து கிடைவாலின் எலிவேட்டர், இறக்கையின் எய்லரான், செங்குத்து வாலின் ரடர் ஆகிய ஒவ்வொரு அசையும் பலகையின் பின்விளிம்பையும் இரு விரலால் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். பலகையை இயக்கும் சிறு மோட்டாரான சர்வோ அசையாமல் பலகை மட்டும் அசைந்தால் கம்பி இணைப்பிலோ சர்வோவின் பற்சக்கரத்திலோ தளர்வு இருக்கிறது. அந்தத் தளர்வோடு பறந்து டிரிம் செய்வது, அதாவது குச்சியைத் தொடாமலே நேராகப் பறக்கும்படி பலகைகளின் நடுநிலையைச் சிறிது நகர்த்துவது, ஆடும் தராசில் தங்கம் நிறுப்பதற்குச் சமம். கீல் இடைவெளிகளை மெல்லிய ஒளிபுகும் நாடாவால் ஒட்டி மூடுவதையும் இப்போதே முடித்துவிட வேண்டும். பின்னால் ஒட்டினால் பலகைகளின் விளைவு மாறி, அதுவரை செய்த டிரிம் அனைத்தும் வீணாகும்.

நிமிர்ந்து பறக்கையில் மட்டமாக உள்ளது. தலைகீழாகத் திருப்பினால் ஒரு இறக்கை தாழ்கிறது

தாழும் இறக்கைதான் கனமானது. நிமிர்ந்த நிலையில் அந்தக் கனத்தை எய்லரான் டிரிம் மறைத்துக்கொண்டிருந்தது. தலைகீழானதும் அதே டிரிம் கனத்தோடு கூட்டுச் சேர்ந்துவிடுகிறது, எனவே குறை இரட்டிப்பாகத் தெரிகிறது. எதிர் இறக்கையின் நுனியில் 5 கிராம் எடையை ஒட்டி, நிமிர்ந்த நிலையில் மறுபடி டிரிம் செய்து, மீண்டும் திருப்பிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் 5 முதல் 10 கிராமுக்குள் சரியாகிவிடும். அதற்கு மேல் தேவைப்பட்டால் எடையை விட்டுவிட்டு இறக்கையில் முறுக்கு இருக்கிறதா என்று தேடவும்.

45 டிகிரி ஏறுகோட்டில் தலைகீழாக்கிக் கையை எடுத்தால் விமானம் கோட்டில் நிற்பதில்லை

ஈர்ப்பு மையத்தை அறிய இதைவிட எளிய சோதனை இல்லை. முழு விசையில் 45 டிகிரி ஏறி, அரை ரோல் செய்து தலைகீழாக்கி, எலிவேட்டர் குச்சியிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். விமானம் சிறிது தூரம் கோட்டிலேயே போய், பிறகு சோம்பலாகத் தரையை நோக்கி வளைந்தால் மையம் சரியான இடத்தில் உள்ளது. விரலை எடுத்த கணமே மூக்கு தரைப்பக்கம் விழுந்தால் மூக்கு கனம். தரையைவிட்டு விலகி மேலும் மேலும் நிமிர்ந்தால் வால் கனம். இது முதற்பறப்பிலேயே பயமுறுத்தும் வகையில் தெரியவந்தால் சோதனையை நிறுத்தி இறங்கிவிடுவது நல்லது.

எடை சேர்ப்பதற்கு முன் பேட்டரியை நகர்த்திப் பார்க்கவும். 10 செல் லிப்போ பேட்டரியின் எடை சுமார் 1.2 கிலோ, 4.8 கிலோ விமானத்தில் அதை 1 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளினாலே மையம் இரண்டரை மில்லிமீட்டர் பின்வாங்கும். எனவே 5 மில்லிமீட்டர் அளவிலேயே நகர்த்திப் பார்ப்பது போதும். பேட்டரித் தட்டில் பென்சிலால் கோடிட்டு வைத்துக்கொண்டால், மறுநாள் காலை நினைவை நம்பவேண்டியிருக்காது.

செங்குத்தாக ஏறும்போது விமானம் இடப்பக்கம் விலகுகிறது

ப்ரொப்பெல்லர் கிளப்பும் சுழற்காற்று உடலைச் சுற்றிவந்து செங்குத்து வாலில் மோதுவதால், வேகம் குறையக் குறைய மூக்கு இடப்பக்கம் திரும்பும். இதற்காகவே மோட்டாரை வலப்பக்கம் சில டிகிரி திருப்பிப் பொருத்துகிறோம். ஒற்றை ப்ரொப்பெல்லர் விமானத்தில் 2 முதல் 2.5 டிகிரி நல்ல தொடக்கம். ஒன்றன்பின் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டை ப்ரொப்பெல்லரில் இந்தச் சுழற்சி ஒன்றையொன்று ரத்து செய்துவிடுவதால், வலக்கோணம் ஏறக்குறைய தேவையே இல்லை. 150 மீட்டர் உயரக் கோட்டில் 5 டிகிரி விலகினால் உச்சியில் விமானம் 13 மீட்டர் பக்கவாட்டில் நிற்கும். நடுவரின் கண்ணுக்கு அது நன்றாகவே தெரியும்.

சோதனையின் நம்பகம் நுழைவில் இருக்கிறது. மட்டமாக வந்து, இறக்கைகள் தரைக்கு இணையாக இருக்கும்போது மேலே இழுத்தால்தான் விடை உண்மையாக இருக்கும். ஒரு இறக்கை 3 டிகிரி தாழ்ந்த நிலையில் இழுத்துவிட்டு, விமானம் விலகுகிறது என்று மோட்டாரைத் திருப்பியவர்கள் என்னையும் சேர்த்து ஏராளம். நண்பர் ஒருவரை ஓடுபாதையின் நீட்சியில் நிற்கச் சொல்லி, விமானத்தை அவரை நோக்கிப் பறக்கவிட்டு இழுத்தால், இறக்கை மட்டமா இல்லையா என்பதை அவர் சொல்லிவிடுவார்.

தொடக்கத்திலிருந்தே ஒரே அளவில் விலகினால் ரடர் டிரிம் பிழையாக இருக்கலாம். தொடக்கத்தில் நேராகச் சென்று, வேகம் தளர்ந்த பிறகு இடப்பக்கம் விலகினால் வலக்கோணம் போதவில்லை. வலப்பக்கம் விலகினால் கோணம் அதிகம். மோட்டார் தாங்கி, மூக்குச் சுவரின் முன்பக்கம் திருகப்பட்டிருந்தால், இடப்பக்கத் திருகுகளின் அடியில் வாஷரைச் சேர்க்க மோட்டார் வலப்பக்கம் திரும்பும். திருகுகளுக்கு இடையே 60 மில்லிமீட்டர் இருந்தால், 1 மில்லிமீட்டர் வாஷர் ஏறத்தாழ 1 டிகிரி தரும். அரை மில்லிமீட்டர் வாஷர்களைக் கைவசம் வைத்துக்கொண்டு அரை அரை டிகிரியாக மாற்றவும். தாங்கியிலிருந்து, ப்ரொப்பெல்லரின் நடுவில் உள்ள கூம்பான ஸ்பின்னரின் பின்தட்டு 150 மில்லிமீட்டர் முன்னே இருந்தால், ஒரு டிகிரிக்கு அது இரண்டரை மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகரும் என்பதால், மூக்கு வளையத்தில் உரசாமல் இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. ஒரு பருவத்தின் நடுவில், அதுவரை ஒழுங்காக இருந்த விமானம் ஏறுகோட்டில் இடப்பக்கம் விலகத் தொடங்கியது. அரை டிகிரி கூட்டினேன், சரியானது. அடுத்த வாரம் மறுபடி விலகியது. மீண்டும் அரை டிகிரி. மூன்றாம் வாரம் கணக்குப் பார்த்தபோது மோட்டார் மூன்றரை டிகிரியில் இருந்தது, ஸ்பின்னருக்கும் வளையத்துக்கும் நடுவே வலப்பக்கம் ஒரு காகிதம் நுழையவும் இடமில்லை. ஸ்பின்னரை உள்ளங்கையில் பற்றிப் பக்கவாட்டில் அழுத்தினேன். மூக்குச் சுவர் உடலோடு சேரும் இடத்தில், டார்ச் வெளிச்சத்தில், இபாக்ஸிப் பசையின்மேல் தலைமுடி அளவு ஒரு கோடு திறந்து, கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. பசை விட்டிருந்தது; விசை கொடுக்கும்போதெல்லாம் சுவரே இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. ஒட்டி, மூலைகளில் கண்ணாடியிழைத் துணி பதித்த பிறகு, மூன்று வாரம் சேர்த்த வாஷர்களை ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டியிருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி: ஒரு முறை சரிசெய்த கோணம் மறுபடி மாறியிருந்தால், அளவைத் தொடாமல் முதலில் கையால் அழுத்திப் பார்ப்பேன். மோட்டாரின் அதிர்வைக் குறைக்கும் மென்தாங்கியின் ரப்பர் வளையங்கள் இறுகிப்போயிருந்தாலும் இதே அறிகுறி வரும்.

ஏறுகோட்டில் முதுகுப்பக்கமோ வயிற்றுப்பக்கமோ வளைகிறது

முதுகுப்பக்கம் வளைந்தால் மோட்டாரின் கீழ்க்கோணத்தைச் சிறிது கூட்டவும். வயிற்றுப்பக்கம் வளைந்தால் குறைக்கவும். ஈர்ப்பு மையத்தை முடிவு செய்யாமல் இதைத் தொட வேண்டாம், ஏனெனில் மையம் மாறினால் எலிவேட்டர் டிரிம் மாறும், டிரிம் மாறினால் இந்த வளைவும் மாறும்.

செங்குத்தாக இறங்கும்போது முதுகுப்பக்கம் இழுக்கிறது. நைஃப் எட்ஜில் ரடர் கொடுத்தால் வேறெங்கோ போகிறது

இவ்விரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதே சரியென்று கருதுகிறேன், ஏனெனில் இரண்டிலும் இறக்கை தூக்குவிசை ஏதும் தராமல் சும்மா இருக்கிறது. மூக்கு கனமான விமானம் மட்டமாகப் பறக்க எலிவேட்டரில் சிறிது மேல்டிரிம் வைத்திருக்கும். செங்குத்து இறக்கத்திலும், விமானம் ஒருக்களித்துப் பறக்கும் நைஃப் எட்ஜிலும் அந்த மேல்டிரிம்முக்கு வேலை இல்லாமல் போவதால், அது விமானத்தை முதுகுப்பக்கம் இழுக்கும். வால் கனமானால் நேர்மாறாக, வயிற்றுப்பக்கம் மடியும்.

ஆகவே முதலில் விசையை முழுதும் குறைத்து, செங்குத்தாக இறக்கி, கோடு நிலைத்ததும் எலிவேட்டரை விட்டுப் பார்க்கவும். பிறகு கண் மட்ட உயரத்தில் நைஃப் எட்ஜ் பறந்து, ரடரை மட்டும் பிடித்துக்கொண்டு பார்க்கவும். இரண்டும் ஒரே பக்கம் இழுத்தால் ஈர்ப்பு மையத்தின்மேல் சந்தேகம் கொள்வது நியாயம். பேட்டரியைச் சில மில்லிமீட்டர் நகர்த்தி 45 டிகிரி சோதனையை மறுபடி செய்யவும். ஒன்று முதுகுப்பக்கமும் மற்றொன்று வயிற்றுப்பக்கமும் இழுத்தால், மையத்தை எங்கே வைத்தாலும் ஒன்றைச் சரிசெய்ய மற்றொன்று கெடும். மிக்ஸுக்கு உரிய இடம் இதுதான்.

இறங்குகோட்டுக்கு, த்ராட்டில் கீழ்நிலையில் இருக்கும்போது மட்டும் எலிவேட்டர் 1 அல்லது 2 சதவீதம் கீழிறங்கும்படி மிக்ஸ் வைத்தால் போதும். இறக்கத்தில் வேகத்தை அடக்க, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.யில் பிரேக் வைத்துப் பறப்பவர்கள், பிரேக்கின் அளவை முடிவு செய்த பிறகே இந்த மிக்ஸை அளக்க வேண்டும். பிரேக்கை மாற்றினால் ப்ரொப்பெல்லரின் இழுவை மாறி, இறங்குகோட்டின் குணமும் மாறிவிடும்.

நைஃப் எட்ஜுக்கான ரடர்–எலிவேட்டர் மிக்ஸை இடம், வலம் இரண்டுக்கும் தனித்தனியே வைக்கவும். சுழற்காற்று ஒரு பக்கமாகவே சுற்றுவதால் இரண்டும் சமமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. என் இப்போதைய விமானத்தில் வலப்பக்கம் 4 சதவீதமும் இடப்பக்கம் 6 சதவீதமும் நிற்கின்றன. அரை ரடரில் சரியாக இருந்தது முழு ரடரில் சரியாக இருக்காது என்பதால், டிரான்ஸ்மிட்டர் இடம் கொடுத்தால் நேர்கோட்டு மிக்ஸுக்குப் பதிலாகப் பல புள்ளிகள் கொண்ட வளைகோட்டைப் பயன்படுத்துவது நல்லது.

நைஃப் எட்ஜில் உருளும் குறை தனி. வல ரடர் கொடுக்கும்போது விமானம் வலப்பக்கமே உருண்டால் இறக்கை நுனிகள் மேல்நோக்கி உயர்ந்திருக்கும் கோணம் அதிகம். எதிர்ப்பக்கம் உருண்டால் குறைவு. பெட்டியிலிருந்து எடுத்த நவீன விமானத்தில் அந்தக் கோணத்தை மாற்ற வழியில்லை என்பதால், ரடரிலிருந்து எய்லரானுக்கு ஒரு சிறிய எதிர்மிக்ஸ் போடுவதே நடைமுறை. கேனோப்பியின் மேல் பொருத்தும் சிறு கூடுதல் இறக்கையான கேனலைசரைக் கழற்றியோ மாட்டியோ பறப்பவர்கள், இந்தப் பகுதி முழுவதையும் முதலிலிருந்து செய்தாக வேண்டும்.

இறக்கையின் பொருத்துகோணத்தைத் திருகி இதையெல்லாம் தீர்க்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. கால் டிகிரி திருப்பினாலும் மட்டப் பறப்பின் டிரிம் மாறி, மேலே சொன்ன எல்லாச் சோதனைகளும் பழைய கணக்காகிவிடும் என்பதால், அதை நான் கடைசியில்தான் தொடுவேன்.

ரோல் செய்யும்போது மூக்கு வட்டமிடுகிறது

செங்குத்தாக ஏறி, அரை ரோல் கொடுத்து நிறுத்தவும். வல ரோலுக்குப் பிறகு மூக்கு இடப்பக்கம் விலகியிருந்தால், கீழிறங்கும் எய்லரானின் இழுவை அதிகம். டிஃபரன்ஷியலைக் கூட்டி, எய்லரான் மேலேறும் அளவைவிடக் கீழிறங்கும் அளவைக் குறைக்கவும். ரோல் கொடுத்த பக்கமே விலகினால் டிஃபரன்ஷியலைக் குறைக்கவும். மோட்டாரின் வலக்கோணம் தவறாக இருக்கும்போது இந்தச் சோதனை பொய் சொல்லும்.

லூப்பில் விமானம் பக்கவாட்டில் நகர்கிறது

இறக்கை கனமும், எலிவேட்டரின் இரு பாதிகள் சமமாக அசையாததும் இங்கே ஒரே முகம் காட்டும். உள்லூப்பில் இடப்பக்கம் உருட்டுவது, தள்ளிச் செய்யும் வெளிலூப்பில் வலப்பக்கம் உருட்டும். இரண்டு காரணங்களுக்கும் இது பொருந்தும் என்பதால், லூப்பை மட்டும் பார்த்து இன்னதென்று தீர்மானிக்க முடியாது. இறக்கை கனத்தைத் தலைகீழ்ச் சோதனையில் முன்பே தீர்த்துவிட்டவருக்கு எஞ்சுவது எலிவேட்டர் மட்டுமே. ஒவ்வொரு பாதிக்கும் தனிச் சர்வோ உள்ள விமானத்தில், நடுநிலையில் மட்டுமின்றி கால், அரை, முழு அசைவிலும் இரு பாதிகளையும் கோணமானியால் ஒப்பிட்டு, டிரான்ஸ்மிட்டரில் புள்ளி புள்ளியாகச் சமன்செய்யவும். அரை டிகிரி வேறுபாடும் லூப்பின் மேற்பாதியில் தெரியும். உள்லூப், வெளிலூப் இரண்டிலும் விமானம் ஒரே பக்கம் உருட்டினால் மட்டும் எய்லரான் டிரிம்மையோ இறக்கை முறுக்கையோ தேடவும்.

வேகமான இறக்கத்தில் ரீங்காரம் கேட்கிறது

விசையை உடனே குறைத்து, மெல்ல நிமிர்த்தி, இறங்கிவிட வேண்டும். ஏதோ ஒரு பலகை படபடக்கிறது. இன்னொரு முறை கேட்டு உறுதிசெய்யலாம் என்று காத்திருந்தால் அந்தப் பலகை மட்டும் தனியாக இறங்கும். கம்பி இணைப்பு, சர்வோவின் திருகு, கீல் ஆகியவற்றின் தளர்வையே முதலில் தேடவும்.

சாகச வரிசையின் பிற்பகுதியில் ஏறுகோடு தளர்கிறது

5,000 மில்லியாம்பியர்-மணிப் பேட்டரியிலிருந்து ஒரு பறப்பில் 4,000க்கு மேல் எடுக்க வேண்டாம். அதற்குள்ளேயே விசை தளர்ந்தால், செல்களின் உள்தடையை அளந்து, எது ஏறியிருக்கிறது என்று பார்க்கவும். உப்பிய பேட்டரியைப் போட்டிக்கு மட்டுமின்றிப் பயிற்சிக்கும் எடுத்துச் செல்லக் கூடாது.

நேற்று சரியாக இருந்தது, இன்று எல்லாமே சிறிது சிறிது தவறுகிறது

திருகுகளையும் பசையையும் கையால் அழுத்திப் பார்த்து எதுவும் கிடைக்கவில்லை என்றால், பேட்டரியைத் தராசில் வையுங்கள். ஒரே கொள்ளளவு அச்சிட்ட இரண்டு பேட்டரிகளுக்குள் 60 கிராம் வித்தியாசம் இருந்து, பேட்டரி ஈர்ப்பு மையத்துக்கு 25 சென்டிமீட்டர் முன்னே அமர்ந்திருந்தால், மையம் 3 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். 45 டிகிரிச் சோதனை, இறங்குகோடு, நைஃப் எட்ஜ் மூன்றும் ஒரே காலையில் கெடுவதற்கு அது போதும். என் பேட்டரிகள் ஒவ்வொன்றின் மேலும் அதன் எடையை மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கிறேன். தட்டில் உள்ள பென்சில் கோடுகளும் இப்போது ஒன்றல்ல, பேட்டரிக்கு ஒன்றாக நான்கு.